அக்காளின் 555 புத்தகம்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்ப வாங்கிப்பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். அந்தப் பாட்டை ஒன்றரை ஆண்டுக் காலம் அருகிலிருந்து பார்த்தவள் நான். தோட்டத்திலும் தாமானிலும் வாழும் வாசக அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் என்றதும், படங்களில் வருவது போல, கையில் குடையும் வாயில் வசையுமாக வாசலில் வந்து நிற்கும் பணக்காரரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நம்மூர்த் தாமான்களிலோ, வாடகை வாங்கும் கை பல வேளைகளில் பால் மரம் வெட்டிக் காய்த்துப்போன கையாகவே இருக்கிறது. என் அக்காள் அப்படிப்பட்ட வீட்டுக்காரி.

எங்கள் அம்மா கண்மூடியபோது எனக்கு எட்டு வயது. பதினைந்து வயது மூத்தவளான அக்காள்தான் என்னை வளர்த்தாள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, பால் வாளி சுமந்து அவள் சம்பாதித்த காசில்தான் நான் பள்ளிக்கும், பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் போனேன். அவளும் அத்தானும் 1996ஆம் ஆண்டில், பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் மலிவு விலை வீடு ஒன்றை 25,000 வெள்ளிக்கு வாங்கினார்கள். மலிவு விலை வீட்டுக்கு 1982 முதல் அரசாங்கம் வைத்திருந்த உச்ச விலை அது. சேமநிதியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். மீதிக்கு வங்கிக் கடன். இருபது ஆண்டுகள் தவணை கட்டி, 2016இல் கடன் தீர்ந்தது.

வேலை தோட்டத்தில் என்பதால் இருவரும் லயத்திலேயே இருந்துகொண்டு, அந்த வீட்டை வாடகைக்கு விட்டார்கள். வயதான காலத்தில் நம் சொந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அத்தான் 2019இல் காலமானார். அந்தக் கணக்கு மட்டும் அக்காளிடம் மிஞ்சியது.

2021 ஜனவரியில் ஒரு லாரி ஓட்டுநர் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் குடிவந்தார். மாத வாடகை 450 வெள்ளி. முன்பணம் இரண்டு மாத வாடகை, 900 வெள்ளி. இரண்டாண்டுக்கு ஒப்பந்தம் எழுதி, முத்திரை வரியும் கட்டினோம். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கமாட்டார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைப்பது நல்லது.

அக்காள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அத்தானிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கற்றிருந்தாள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, உள்ளங்கை அளவு 555 புத்தகம், அதில் ஒன்றை வாடகைக்கென்றே வைத்திருந்தாள். தேதி, தொகை, பக்கத்தில் கொடுத்தவரின் கையெழுத்து. “கையெழுத்து எதுக்கு அக்கா, நமக்குள்ளே?” என்று அந்த ஓட்டுநர் முதல் மாதம் சிரித்தாராம். “அவர் பழக்கம், தம்பி. விட மனசு வரலே” என்று சொல்லிப் பேனாவை நீட்டினாளாம் அக்காள்.

பதினைந்து மாதங்கள் கையெழுத்து ஒழுங்காக விழுந்தது. 2022 ஏப்ரல் முதல் பக்கம் வெறுமையாயிற்று.

மாதக் கடைசியில் அக்காள் பஸ் ஏறிப் போவாள். “லாரி ஓட்டம் கொறஞ்சிபோச்சு அக்கா, அடுத்த மாசம் சேர்த்துக் கொடுத்துடுறேன்” என்பார் அவர். அவர் மனைவி தேநீர் கலக்கிக் கொண்டுவந்து வைப்பார். அக்காள் அதைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். “பிள்ளைங்க இருக்கிற வீடு, பாப்பா. எப்படிக் கடுமையாப் பேசுறது?” என்பாள் என்னிடம். தீபாவளி சமயத்தில் 200 வெள்ளி கொடுத்தார். அதற்கும் கையெழுத்து வாங்கினாள். அதன் பிறகு ஒன்றுமில்லை. ஆனால் வாசலில் புது மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது.

அந்த டிசம்பரில் அக்காளுக்கு 60 வயது நிறைந்தது. மார்ச் முடிவுக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யும்படி தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தமும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒரு கடிதத்துக்குக் கட்டுப்பட்டு அக்காள் சாமான்களைக் கட்டத் தொடங்கினாள். அவளுடைய வீட்டில் இருந்தவரோ அசைவதாக இல்லை. “ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்” என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. “அவங்க வெளியே போனப்போ பூட்டை மாத்திடுங்க” என்றார் ஒருவர். “மின்சாரத்தைத் துண்டிங்க, ரெண்டே நாள்ல ஓடிடுவாங்க” என்றார் இன்னொருவர். நாலு பையன்களை அனுப்பி மிரட்டச் சொன்னவரும் உண்டு. ஜொகூரிலிருந்து வந்த அக்காள் மகன், “நம்ம வீடுதானே சித்தி, நான் போய்ச் சாமானைத் தூக்கி ரோட்டில் வைக்கிறேன்” என்று குதித்தான். அவனைப் பிடித்து நிறுத்தி, ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போனேன்.

அவர் சொன்னதன் சாரம் இது. 1950ஆம் ஆண்டின் ‘ஸ்பெசிபிக் ரிலீஃப்’ சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் வெளியேறாவிட்டால், நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் வேறு எந்த வழியிலும் வீட்டை மீட்கக்கூடாது. பூட்டை மாற்றினாலோ சாமானை எடுத்து வெளியே போட்டாலோ, வாடகை பாக்கி வைத்தவரே நம்மீது வழக்குப் போட இடமுண்டு.

“அப்படின்னா சட்டம் அவன் பக்கமா?” என்று அக்காள் மகன் கேட்டான்.

“தம்பி, நாளைக்கு நீங்க ஜொகூரில் வாடகை இருக்கிற வீட்டை உங்க வீட்டுக்காரர் பூட்டிட்டா, இதே சட்டம் உங்க பக்கம் நிற்கும்” என்றார் வழக்கறிஞர். அவனிடம் பதில் இல்லை.

எனக்கும் அந்தப் பேச்சு மனத்தில் தங்கியது. தோட்டம் கைமாறி, கூரையை இழந்து நின்ற குடும்பங்களை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். பலமுள்ளவன் நினைத்தபோது சாமானை வெளியே எறியலாம் என்றிருந்தால் முதலில் அடிபடுவது நம்மைப் போன்றவர்கள்தான். சட்டம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் துன்பம்தான். பினாங்கு ஜார்ஜ்டவுனில், 1948 ஜனவரி 31ஆம் தேதிக்குள் கட்டிய பழைய வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டி வைத்திருந்தது. சொற்ப வாடகையில் வீட்டைப் பழுதுபார்க்க முடியாமல் வீட்டுக்காரர்கள் தவித்தார்கள். 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, தவணைக் காலமும் 1999 முடிவோடு தீர்ந்ததும், பரம்பரையாகக் குடியிருந்தவர்கள் வீடுவிட்டுப் போக நேர்ந்தது. இருவர் பாட்டையும் கேட்டு நடுவில் நிற்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அதுதான் நீதிமன்றம்.

வழக்கறிஞர் இரண்டு வழிகளை விளக்கினார். 1951ஆம் ஆண்டின் ‘டிஸ்ட்ரெஸ்’ சட்டப்படி, 12 மாதம் வரையிலான வாடகை பாக்கிக்காகக் குடியிருப்பவரின் சாமான்களை நீதிமன்ற ஊழியர் மூலம் பறிமுதல் செய்து ஏலம்விட மனுச் செய்யலாம். அதில் பணம்தான் கிடைக்கும், வீடு கிடைக்காது. வீடு வேண்டுமானால் வழக்குத் தொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பின்னும் வெளியேறாத நாள்களுக்கு, 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி, வாடகையை இரட்டிப்பாகக் கேட்கலாம். அக்காளுக்கு வேண்டியது வீடு. ஆகவே இரண்டாம் வழியையே எடுத்தோம்.

ஜனவரியில், 14 நாள் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. பதில் இல்லை. பிப்ரவரியில் வழக்குப் பதிவாயிற்று. மார்ச் முடிவில் அக்காள் லயத்தைக் காலி செய்துவிட்டு, ஒரு தையல் இயந்திரம், அத்தான் படம், இரண்டு பெட்டிகள் ஆகியவற்றுடன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். சொந்த வீடு இருக்க, தங்கை வீட்டில் இருக்கிறோமே என்ற குறையை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. விடியற்காலையில் விழித்துக்கொண்டு, போக வேலையில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும. அந்த ஓட்டுநரின் மூத்த மகள் வேனில் எங்கள் பள்ளிக்கு வருபவள். அந்த ஆண்டு என் நான்காம் ஆண்டு வகுப்பில் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஒருநாள் புத்தகத்தைத் திருத்த நீட்டும்போது மெல்லக் கேட்டாள்: “டீச்சர், நாங்க இருக்கிறது உங்க அக்கா வீடா?” ஆமாம் என்றேன். “எங்களை அனுப்பிடுவீங்களா?” என்றாள். பெரியவர்கள் விஷயம், பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள், நீ ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல் என்றேன். ஒரு பிழையில்லாமல் சொன்னாள். அன்று மாலை அக்காளிடம் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “தகப்பன் கணக்கைப் பிள்ளைகிட்டே பார்க்காதே, பாப்பா” என்றாள். நானும் அப்படியே நடந்துகொண்டேன்.

விசாரணை ஜூன் மாதம் வந்தது. எல்லாம் மலாயில் நடந்தது; அக்காளுக்காக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார். “வாடகையை மாதாமாதம் கையில் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா படிக்காதவர், மறந்திருப்பார்” என்று ஓட்டுநர் துணிந்து சொன்னார். அப்போது வழக்கறிஞர் 555 புத்தகத்தை நீதிபதியிடம் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த நீதிபதி, “இந்தப் பதினாறு கையெழுத்தும் உங்களுடையதுதானா?” என்று கேட்டார். அவர் ஆம் என்றார். “இத்தனைக்கும் கையெழுத்துப் போட்டவர் மற்ற மாதங்களுக்கு ஏன் போடவில்லை?” என்று அடுத்த கேள்வி வந்தது. அவர் தலை குனிந்தார். முப்பது நாளில் வீட்டை ஒப்படைக்கவும், பாக்கியைச் செலுத்தவும் உத்தரவாயிற்று.

தீர்ப்பு வந்ததும் சாவி வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். முப்பது நாள் போயும் அவர் நகரவில்லை. வீட்டைக் கைப்பற்ற மறுபடியும் ஓர் ஆணைக்கு மனுக் கொடுத்து, நீதிமன்ற ஊழியர் வரும் நாளுக்காகக் காத்திருந்தோம். அந்த நாள் செப்டம்பர் முதல் வாரத்தில் குறிக்கப்பட்டது. அதற்கு முந்திய இரவே அவர்கள் ஒரு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாவி சன்னல் விளிம்பில் இருந்தது.

வரவு செலவை மறைக்காமல் சொல்கிறேன். 2022இன் பாக்கி 3,850 வெள்ளி. அடுத்த எட்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகை 7,200. முன்பணத்தைக் கழித்தால் வரவேண்டியது 10,150. வழக்குச் செலவு 4,000. உடைந்த கதவு, குழாய், கட்டாமல் விட்ட மின்சார, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் சேர்ந்து 3,000க்கு மேல். தீர்ப்பின்பேரில் பணம் கேட்டு நடவடிக்கை எடுக்கப் 12 ஆண்டுவரை உரிமை உண்டு என்று வழக்கறிஞர் சொன்னார். அக்காள், “வீடு வந்திடுச்சு, போதும்” என்றாள். அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். வாசலில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்திருக்கிறாள்.

வீட்டை வாடகைக்கு விடும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சாவியைக் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தை எழுதி முத்திரையிடுங்கள். அடையாள அட்டையின் நகலை வாங்குங்கள். மின்சாரக் கணக்கைக் குடிவருபவர் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டு மாதம் வாடகை நின்றால் மூன்றாம் மாதமே நோட்டீஸ் அனுப்புங்கள். ஒன்பது மாதம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் பாக்கி ஏறுமே தவிர இறங்காது. குடியிருந்தவர் போய்விட்டு, பாக்கி மட்டும் 5,000 வெள்ளிக்குள் நின்றால், வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கையாக நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பூட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீதோ கையெழுத்தோ கேட்டு வாங்குங்கள். உண்மையாகக் கொடுத்துவிட்டு எழுத்தில்லாமல் நீதிமன்றத்தில் நிற்பவரின் நிலை இன்னும் கொடியது. முகதாட்சண்யம் பார்த்து எழுதாமல் விட்டால் பிறகு முகம் பார்க்கவே முடியாமல் போகிறது. 555 புத்தகம் இன்றும் எந்த மளிகைக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, ஒரு பேனாவையும் சேர்த்துக் கட்டி வையுங்கள்.