கைராசி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்தால், 'கைராசிக்காரருங்க' என்பார்கள். படிப்பு போர்டில் இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. ஊசி போட்டு, மூணு நாள் மாத்திரை கொடுத்து, நாலாம் நாள் ஆள் எழுந்து வயலுக்கோ சிமென்ட் ஆலைக்கோ போய்விட்டால் கைராசி.

சாதாரண சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ். மூன்று நான்கு நாளில் தானே இறங்கிவிடும். அஸித்ரோமைசின் கோர்ஸும் மூன்று நாள்! காய்ச்சல் தானாக இறங்குகிறது, பெயர் மாத்திரைக்கு. ஆன்ட்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாவைத்தான் போய் அடிக்கும். தாக்குப்பிடித்தவை பெருகும், பக்கத்துக் கிருமிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்கும். 2010-ல் 'நியூ டெல்லி' பெயரோடு என்.டி.எம்-1 சர்ச்சை வந்ததே, அந்த ஆராய்ச்சியில் சென்னை நோயாளிகளின் கிருமிகளும் இருந்தன. பெயருக்காகப் போட்ட சண்டையில் பாதியைக் கிருமியோடு போட்டிருக்கலாம்.

2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 வந்தது. 46 மருந்துகளுக்கு மெடிக்கல் ஷாப்பில் தனி ரிஜிஸ்டர், மூன்று வருஷம் பத்திரமாக வைக்க வேண்டும். அந்த 46-ல் அஸித்ரோமைசின் இல்லை. சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது அதற்கும் சட்டம்தான்.

பெரம்பலூரில் தெரிந்த டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். காட்டுவேலை செய்யும் பெரியவர், ஒரு வாரக் காய்ச்சல். "சட்டையைக் கழட்டுங்கய்யா" என்று அக்குளில் தேடினார். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ். உடனே டாக்ஸிசைக்ளின் எழுதினார். மலிவான மாத்திரைதான், ஆனால் விட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து, நாலு வயசுப் பையனோடு ஒரு அம்மா. காது, தொண்டை பார்த்தார். வாட்சைப் பார்த்து மூச்சை எண்ணினார். நிமிஷத்துக்கு 40-க்குக் கீழேதான். பாராசிட்டமால் மட்டும்.

"ஊசி போடலீங்களா சார்? நாளைக்கு நான் களைவெட்டப் போவணும். இவன் படுத்துட்டா கூலி போச்சு."

"வேணாம்மா, இது சளிக்காய்ச்சல்தான். மூச்சு வாங்கினா, சாப்பிடாம சோர்ந்துபோனா உடனே தூக்கிட்டு வந்துடு. இல்லேன்னாலும் வெள்ளிக்கிழமை காய்ச்சல் இருந்தா வா. ஃபீஸ் வேணாம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனதும் டாக்டர் என்னிடம், "ஊசி போட ஒரு நிமிஷம் சார். வேணாம்னு புரியவைக்கப் பத்து நிமிஷம். வெளியில இருபது டோக்கன்" என்றார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கியவர், ஒரு கணம் நின்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் எதிர் மெடிக்கலை நோக்கி நடந்தார்.