வட்டி நோட்டு

இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதை நம்ப நான் சிரமப்பட்டதே இல்லை. திவ்விய நற்கருணையில் அவர் இருக்கிறார் என்பதையும் அப்படித்தான். டாடா இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த நண்பர்களோடு சம்பிகே ரோட்டில் காபி குடித்தபடி இதற்காக மல்லுக்கு நின்றிருக்கிறேன். 1934-இல் பெங்களூரில் எங்கள் மல்லேஸ்வரத்துக்கு வந்த புனித பேதுரு குருமடத்தின் மாணவர் யாராவது அகப்பட்டால், அக்குவினாஸைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன். அறிவுக்கு எட்டாத இந்த நம்பிக்கைகளில் ஒரு வசதி, கைக்காசு செலவில்லை.

செலவு வந்த இடத்தில் நான் எப்படி என்று சொல்கிறேன்.

என் தம்பி என்னிடம் கடன் வாங்கி, பீன்யாவில் பட்டறை வைத்து நொடித்துப் போனான். நான் வங்கியில் இருந்தவன். பீரோவில் ஒரு நீல நோட்டு உண்டு: அசல், தேதி, 12 சதவீத வட்டி. பணம் வராது என்று தெரிந்த பிறகும் வருஷா வருஷம் மார்ச் 31 அன்று வட்டியை ஏற்றிவிடுவேன். கூட்டு வட்டி போடவில்லை, தனி வட்டிதான் என்பதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்துக் கடன்காரன் உவமையை விளக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், கணக்குத் தெரிந்தவனாயிற்றே. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. அது தள்ளுபடியான ஆள் வெளியே வந்து, 100 தெனாரியத்துக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கிறான். 6 லட்சம் மடங்கு வித்தியாசம் என்று எழுதிக் காட்டியபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அது தவக்காலம், மார்ச் கடைசி. வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன்.

"தம்பி தரப்போறதில்லைன்னு தெரியுமில்ல, அப்புறம் எதுக்குங்க இதை எழுதிக்கிட்டு?" என்றாள் மனைவி.

"முதல்ல அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்."

நியாயமான பேச்சு. எந்தப் பஞ்சாயத்தும் என் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லும்.

மன்னிப்பைப் பற்றி நான் இன்னொரு கதையும் சொல்வதுண்டு. கேரளத்துப் புல்லுவழியில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளை வட்டிக்காரர் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டவர். 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பஸ்ஸில் சமுந்தர் சிங் என்பவர் அவரைக் குத்திக் கொன்றார். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அருள்சகோதரிதான். கொலைகாரன் திருந்திவந்து காலில் விழட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சிறைக்கே போய் அந்தக் கையில் ராக்கி கட்டினார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கியபோது சமுந்தர் சிங்கும் அங்கே இருந்தார்.

இதையும் அன்பியத்தில் கண்கலங்கச் சொன்னவன் நான்தான். ராணி மரியாமேல் ஆத்திரப்பட்டவர்களும் வட்டி நோட்டு வைத்திருந்தவர்கள்தான் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

உறைத்த பிறகு மட்டும் என்ன? போன மாதம் தம்பிக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. சம்பிகே ரோடில் மெட்ரோ ஏறினால் அவன் இருக்கும் தாசரஹள்ளிக்கு ஒரே ரயில். நான் போகவில்லை, மகனிடம் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அந்தக் காசை நோட்டில் எழுதவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். எழுதியிருக்கிறேன், பென்சிலால்.