சுற்றிலும் கடல்... குடிக்க அளந்த தண்ணீர்! அந்தமானில் படிக்கும் கனகம்மாசத்திரம் மாணவி

கனகம்மாசத்திரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் மெரினாதான். பஸ் பிடித்துத் திருவள்ளூர், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை, பிறகு இன்னொரு பஸ். காணும் பொங்கலுக்கோ பள்ளிச் சுற்றுலாவுக்கோ போய் அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவோம். மற்றபடி எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் பூண்டி ஏரி. அடிக்கடி போகும் பயணம், திருத்தணி மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு வருவது.

அந்த ஊரிலிருந்து என் சித்தப்பா மகள் கடல் உயிரியல் படிக்க அந்தமானுக்குப் போனாள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போர்ட் பிளேரில் ஒரு வளாகம் இருப்பது அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "புதுச்சேரிதானே, திண்டிவனம் தாண்டினா வந்துடும்" என்று முதலில் தலையாட்டிய சித்தி, விவரம் புரிந்ததும் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. ஆயாவுக்கு ஒரே கேள்விதான்: "சுனாமி வந்த ஊராச்சேடி?"

அவளுடைய கடைசி செமஸ்டர் சமயத்தில், ஒரு பிப்ரவரி மாதம், எட்டு நாள் அவளுடன் தங்கினேன். இணையத்தில் பார்த்த நீலக் கடலும் வெள்ளை மணலும் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. ஆனால், சுற்றுலாப் பயணி பார்க்கும் தீவும் அங்கே வாழ்பவர் பார்க்கும் தீவும் வேறு வேறு என்பது இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

மூன்று நாள் கப்பல்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல் வழியே சுமார் 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். தட்டுமுட்டுச் சாமான்களோடு முதல்முறை போனபோது அவள் கப்பலில்தான் போனாள்.

கப்பல் தினமும் கிடையாது; மாதத்தில் சில முறைதான். புறப்படும் தேதி தெரிந்த பிறகே டிக்கெட் வாங்க முடியும். செலவு குறைவு என்பதால் மாணவர்களும் தீவுக் குடும்பங்களும் அடுக்குப் படுக்கைகள் கொண்ட 'பங்க்' வகுப்பில் பயணம் செய்கிறார்கள்.

"மொத நாள் ஃபுல்லா வாந்தி அக்கா. ரெண்டாம் நாள் மேல் தளத்துக்குப் போய்ப் பார்த்தா நாலு பக்கமும் தண்ணிதான். பறக்கிற மீனுங்க அங்கதான் பார்த்தேன். மூணாம் நாள் தூரத்துல பச்சையா ஒரு கோடு தெரிஞ்சதும் எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க" என்றாள்.

அந்தப் பயணத்தில் அவளுக்கு ஒன்று உறைத்திருக்கிறது. தன்னைச் சுமந்து போகும் இதே கடல் வழியில்தான் அரிசி, பருப்பு, வெங்காயம், சிமென்ட் எல்லாமே போகின்றன. கடல் சீற்றமாக இருந்து கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறிவிடும். மழைக்கால வாரங்களில் தக்காளி இல்லாத சாம்பாருக்கு அவள் பழகிவிட்டாள்.

தெலுங்கு கைகொடுத்த கதை

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. ஆனாலும் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

நம் நாட்டின் கடிகாரம் ஒன்றே என்பதால், சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக அங்கே பொழுது விடிகிறது. பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைகிறது. ஆறரை மணிக்கே ஊர் வீட்டுக்குள் போய்விடுகிறது. "ஆரம்பத்துல அந்த இருட்டுதான் ரொம்ப அழ வச்சுது" என்றாள்.

மொழி அவளை அழவைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் சுமார் 3.8 லட்சம் பேர். அதில் வங்காளமும் இந்தியும் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அடுத்த இடம் தமிழர்களுக்கு. நூற்றுக்குச் சுமார் 15 பேர். அடுத்து தெலுங்கர்கள், நூற்றுக்கு 13 பேர். ஆந்திர எல்லையில் வளர்ந்தவளுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அபர்தீன் பஜாரில் தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் டீ வாங்கி, இந்தியில் ஆட்டோ பிடிக்கிறாள்.

இத்தனை மொழிகள் அங்கே சேர்ந்த வரலாறு இனிமையானதல்ல. 1858-ல் ஆங்கிலேயர்கள் அதைக் கைதிகளின் குடியிருப்பாக்கினார்கள். 1906-ல் செல்லுலார் சிறை கட்டி முடிக்கப்பட்டது. ஏழு சிறகுகளில் இன்று மூன்று மட்டுமே நிற்கின்றன. நாடு பிரிந்த பிறகு கிழக்கு வங்காளத்து அகதிகள் குடியேற்றப்பட்டார்கள். தமிழகத்திலிருந்து கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் பலர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போயின.

அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரப் பாட்டி ராமநாதபுரத்துக் குடும்பம், பிறந்ததே தீவில்தான். ஊரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். அந்தக் காவடியை வீடியோ காலில் பார்த்த பிறகுதான் சித்திக்கு மனம் சற்று ஆறியது. இந்த வீடியோ காலுக்கும் ஒரு தேதி உண்டு. 2020 ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடியிழைக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு செயற்கைக்கோள் வழியாக வந்த மெதுவான இணையம்தான்.

3,000 மில்லிமீட்டர் மழை... ஆனாலும் வாளிக் கணக்கு

நான் போன அன்று குளித்துவிட்டு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை வாளி அக்கா?"

கோடையில் நகரத்தின் பல பகுதிகளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். வீட்டில் மூன்று பெண்கள், ஒரு டேங்க், இரண்டு டிரம். காய் கழுவிய தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. யாருக்கு எத்தனை வாளி என்பது எழுதாத சட்டம்.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் பெய்வதைப் போல இரண்டரை மடங்கு! பிறகு ஏன் தட்டுப்பாடு?

தீவின் அமைப்பே காரணம். நீளமும் ஒடுக்கமுமான நிலம், நடுவில் சரிவான குன்றுகள். பெய்த மழை சில மணி நேரத்தில் ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது. பெரிய ஆறு கிடையாது; நிலத்தடியில் தங்கும் நீரும் குறைவு. நகரம் முக்கியமாக நம்பியிருப்பது 1973-ல் கட்டப்பட்ட தனிக்காரி அணையை. மே முதல் டிசம்பர் வரை கொட்டும் மழை நின்றதும் அந்த அணையின் மட்டம்தான் எல்லோருக்கும் கவலை. அதோடு சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதும் அந்த வறண்ட மாதங்களில்தான்.

"நம்ம ஊர்ல மழை கம்மி. ஆனா, பெரியவங்க ஏரி வெட்டி ஒண்ணுக்கொண்ணு கால்வாய் இழுத்து வச்சிட்டுப் போயிருக்காங்க. இங்க வந்த அப்புறம்தான் அக்கா அதோட அருமை தெரியுது. நாம போர் போட்டுட்டு ஏரியை மறந்துட்டோம்" என்றாள்.

கடலுக்குள் ஒரு சென்செஸ்

பஞ்சாங்கத்தில் ஆயா அமாவாசையைப் பார்ப்பது விரதத்துக்கு. பேத்தி பார்ப்பது கடல் வற்றுவதற்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வழக்கத்தைவிட அதிகம் உள்வாங்கும். அப்போது கரையோரப் பாறைப் பரப்பு வெளியே தெரியும். மாணவர்கள் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை சிப்பி, எத்தனை நண்டு, எத்தனை வகைப் பாசி என்று எண்ணுகிறார்கள். கடல் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அவளுடன் வண்டூர் போனேன். அங்கேதான் 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறும் முன் பிளாஸ்டிக் பைகள், பாட்டில்களைச் சோதித்து எடுத்துவிடுகிறார்கள். ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளை மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். ஒன்றுக்குக் கூட்டம் வரும்போது மற்றொன்றுக்கு ஓய்வு.

கண்ணாடி அடித்தளப் படகில் குனிந்து பார்த்தபோது மூளை வடிவில், மான்கொம்பு வடிவில் பவளங்கள் தெரிந்தன. நடுநடுவே சாம்பல் நிறத்தில் உடைந்த குவியல்கள். அவள் விளக்கினாள். பவளம் என்பது சிறு உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு வீடு. அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்பாசிதான் உணவும் நிறமும் தருகிறது. கடல் நீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி அளவுக்குச் சூடேறிச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் செத்துவிடும். 2010-ல் அந்தமானின் பவளங்கள் இப்படிப் பெருமளவில் வெளிறின. 2016-லும் வெளிறல் வந்தது.

"இந்தச் சூடு தீவுக்காரங்க உண்டாக்கினது இல்லக்கா. நாம எல்லாரும் சேர்ந்து உண்டாக்கினது. பில் மட்டும் இங்க வருது" என்றாள். கரையில் கிடந்த ஒரு பவளத் துண்டை நான் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. செத்த துண்டாக இருந்தாலும் எடுத்து வந்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஆயாவின் கேள்வி

வண்டூரிலிருந்து திரும்பும் வழியில் சிப்பிகாட் என்ற இடம். சாலையின் இருபுறமும் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. 2004 டிசம்பர் 26-க்கு முன்பு அது விளைநிலம். அன்றைய நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலமே சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

ஆயாவின் பயம் பொய்யில்லை. தங்கையும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து மேட்டுக்கு ஓட எந்த வழி, எவ்வளவு நேரம் என்பது அவளுக்கும் தோழிகளுக்கும் மனப்பாடம். "நிலம் ரொம்ப நேரம் ஆடினா, கடல் திடீர்னு உள்வாங்கினா, யார் சொல்றதுக்கும் காத்திருக்கக் கூடாது. மேட்டுக்கு ஓடணும்." இதை ஆயாவிடமும் சொல்லியிருக்கிறாள். ஆபத்தே இல்லை என்று சமாதானம் சொன்னதைவிட, ஆபத்து வந்தால் என்ன செய்வேன் என்று சொன்னதுதான் ஆயாவுக்குத் தைரியம் தந்ததாம்.

நீங்கள் போகிறீர்களா?

படிக்க விரும்பும் பிள்ளைகள் கவனத்துக்கு: போர்ட் பிளேர் வளாகத்தில் கடல் உயிரியல், பேரிடர் மேலாண்மை ஆகிய முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா போகிறவர்களுக்கு: போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஜாரவா பழங்குடியினரின் பகுதி வழியே பாராடாங் போகும்போது வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். வண்டூர் கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை நம்புங்கள். விடுதியில் குளிக்கும்போது வாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கே?

படிப்பு முடியப்போகிறது. சித்திக்கு அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நல்ல வரனும் பார்க்க வேண்டும். சித்தப்பா எதுவும் சொல்வதில்லை. அடிக்கடி அந்தமான் வானிலையை மட்டும் போனில் பார்க்கிறார். அவளுக்கோ ஆராய்ச்சிப் படிப்புக்குப் போக ஆசை.

தீவிலேயே இருந்துவிடப் போகிறாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. பழவேற்காடு நம்ம மாவட்டம்தானே? கனகம்மாசத்திரத்துல யாராவது நமக்கும் கடல் இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?"

உண்மைதான். திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருப்பது பழவேற்காடு ஏரி; சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பாதிக்கு மேல் ஆந்திரத்தில் இருக்கிறது. கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைபடும்போது மீன் வரத்து குறைந்து மீனவர்கள் தவிக்கிறார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஒருத்தி அங்கே வேலை செய்தால் நல்லதுதானே என்கிறாள்.

இதைச் சித்தியிடம் சொன்னேன். "பழவேற்காடா? பஸ்லயே போய்ட்டு வந்துடலாமே" என்றார் முதலில். பிறகு, "எத்தனை வருஷம் படிக்கணும்?" என்று கேட்டார். ஐந்து ஆண்டாவது ஆகும் என்றதும் பதில் இல்லை. ஆனால், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இதுவே பெரிய விஷயம்.