இமயத்தில் முதல் நாள்: ஒரு சுமைதாங்கியின் அருகே

மலையேற்றப் பயணமொன்றின் முதல் நாள் இறக்கத்தில் தொடங்கும் என்று எவராவது முன்னர் கூறியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். ஆனால், எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் பாதையில் அதுவே நடைபெறுகிறது. விமானம் வந்து இறங்கும் லுக்லா கடல் மட்டத்திலிருந்து 2,860 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் இரவு தங்கும் பாக்டிங் கிராமத்தின் உயரமோ 2,610 மீற்றர்தான். அந்தத் தாழ்ந்த கிராமம்கூட இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியைவிட (2,524 மீற்றர்) உயரத்தில் இருக்கிறது என்பதை நினைக்கையில் இமயத்தின் அளவு ஓரளவு புரியும்.

2017 ஒக்டோபரில் நானும் நண்பர் ஒருவரும் அங்கு சென்றோம். ஒரே பத்திரிகையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள் நாங்கள். அவர் ஒப்புநோக்காளர். என் எழுத்துப் பிழைகளை அவரைப் போல் அறிந்தவர் எவருமில்லை. அட்டனுக்கு அருகே தேயிலைத் தோட்டமொன்றின் லயன் அறையில் பிறந்து வளர்ந்தவர். ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நாள், "அண்ணன், மலையில் பிறந்தவன் நான். பெரிய மலையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்றார். அப்போது எனக்கு 66 வயது, அவருக்கு 61.

லுக்லா விமான நிலையம் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1964 இல் அமைக்கப்பட்டது. 2008 இல் அதற்கு டென்சிங், ஹிலாரி இருவரினதும் பெயர்கள் சூட்டப்பட்டன. ஓடுபாதையின் நீளம் 527 மீற்றர் மட்டுமே. ஒரு முனையில் மலை, மறு முனையில் பாதாளம். சிறிய விமானம் சரிவான அந்தப் பாதையில் ஏறி நின்றபோது பயணிகள் கை தட்டினார்கள். நண்பர் மாத்திரம் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டியான ஷெர்பா எமது சுமைகாவியை அறிமுகம் செய்தார். ராய் இனத்தைச் சேர்ந்த, இருபது வயதுகூடத் தோன்றாத இளைஞன். எங்கள் இருவரது பைகளும் சேர்ந்து 25 கிலோ. அவற்றை ஒன்றாகக் கட்டி, அகன்ற பட்டியொன்றைத் தன் தலையின் முன்பகுதியில் வைத்துத் தூக்குவதற்காக அவன் குனிந்தான். அந்தப் பட்டியை அங்கு 'நாம்லோ' என்கிறார்கள். முதுகிலுள்ள பாரம் முழுவதையும் தலையும் கழுத்துமே தாங்கும்.

அதைக் கண்டதும் நண்பரின் முகம் மாறிவிட்டது. "என் பையை அவிழ்த்துத் தரச் சொல்லுங்கள். நானே சுமக்கிறேன்" என்றார். வழிகாட்டி எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. 12 கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

லுக்லாவின் எல்லையில் பசங் லாமு ஷெர்பாவின் நினைவாக அமைந்த வளைவைக் கடந்தோம். 1993 இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதலாவது நேபாளப் பெண் அவர். இறங்கும் வழியில் உயிரிழந்தார். வளைவுக்கு அப்பால் பாதை கீழ்நோக்கிச் சென்றது. மந்திரம் செதுக்கிய பாறைகளை வலது கைப்பக்கமாக விட்டு, நாம் கோயிலை வலம் வருவதைப் போன்றே கடந்தோம். கீழே தூத்கோசி ஆறு, பெயருக்கேற்பப் பால் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. எதிரே அரிசி மூட்டைகளும் எரிவாயுக் கொள்கலன்களும் சுமந்த மனிதர்கள் வந்தார்கள். நேபாளச் சுமைகாவிகளில் ஆண்கள் சராசரியாகத் தமது உடல் எடையின் 93 சதவீதத்தைச் சுமக்கிறார்கள் என 2005 இல் வெளியான ஆய்வொன்று கூறியதை முன்னர் படித்திருக்கிறேன். படிப்பது வேறு, ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிடுவது வேறு.

இரண்டு மணித்தியாலம் கழித்து ஓர் ஏற்றத்தில் நண்பருக்கு மூச்சு வாங்கியது. உதடுகள் வெளிறியிருந்தன. பாதையோரத்தில், சுமையை இறக்கி வைப்பதற்கென்றே கட்டிய கல் மேடை ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய தெருக்களின் ஓரம் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் என் நினைவுக்கு வந்தன. அதில் அவரை அமர வைத்தேன்.

சற்று நேரம் கழித்து அவர் பேசினார். "அம்மாவின் உச்சந்தலையில் கூடைக் கயிறு கிடந்த இடத்தில் முடியே இல்லை. சின்ன வயதில் அது எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு முக்காடு போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கிலோக் கணக்கில் கழிப்பார்கள். அம்மா ஒன்றும் பேசமாட்டாள். அந்தப் பிள்ளையின் தலையில் என் பையை எப்படி வைப்பேன், அண்ணன்?"

தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைப் பற்றி எத்தனையோ ஆசிரியத் தலையங்கங்கள் எழுதியவன் நான். அவற்றையெல்லாம் ஒப்புநோக்கியவர் அவர். இதை ஒரு நாளேனும் அவர் என்னிடம் கூறியதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்போது அந்த இளைஞன் வழிகாட்டியிடம் ஏதோ கேட்டான். வழிகாட்டி தயக்கத்துடன் அதனை எங்களுக்கு மொழிபெயர்த்தார்: "பையை நீங்களே சுமப்பதால் நாளை தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவீர்களா என்று கேட்கிறான். இந்தப் பருவத்தில் அவனுக்கு இதுதான் முதல் வேலை."

நண்பர் நெடுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவன் எங்களுக்குப் பின்னால் பேசாமல் நடந்து வந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் எழுந்து, பையைக் கழற்றி, இரு கைகளாலும் அவனிடம் கொடுத்தார். அவன் முகத்தில் அன்று முதன்முறையாகச் சிரிப்பைக் கண்டேன். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றான். மெதுவாக வாருங்கள் என்பது அதன் பொருள்.

பிற்பகலில் பாக்டிங் வந்து சேர்ந்தோம். இரவு உணவின் பின்னர் நண்பர் இரண்டு பைகளையும் கட்டிலில் கொட்டினார். மேலதிகச் சப்பாத்து, பிஸ்கட் பொதிகள், தடித்த துவாய் என ஒவ்வொன்றாக எடுத்து ஒரு புறம் வைத்தார். இறுதியில் என் பையிலிருந்த மூன்று கனமான புத்தகங்களைக் கையில் எடுத்தார்.

"அண்ணன், மேலே போய் இவற்றை உண்மையிலேயே படிக்கப் போகிறீர்களா?"

நான் பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் என் வசனங்களை வெட்டிய அதே தயவு தாட்சணியமற்ற பார்வை அது. பொருட்களைத் திரும்பும் வழியில் பெற்றுக்கொள்வதாகக் கூறி விடுதிக்காரரிடம் ஒப்படைத்தோம்.

மறுநாள் காலை இளைஞன் பட்டியைத் தலையில் பொருத்தி எழுந்தான். எழுந்தவன் எதையோ தவற விட்டவன் போல் திரும்பி, சுமையைக் கையால் தட்டிப் பார்த்தான். நண்பர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். நாம்சே பசாரை நோக்கி மூவரும் வழிகாட்டியின் பின்னால் நடக்கத் தொடங்கினோம். உண்மையான ஏற்றம் அன்றுதான் ஆரம்பமாகவிருந்தது.