டிஸ்சார்ஜ் ஆன பிறகு

டிஸ்சார்ஜ் நேரத்தில் வார்டில் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஒருவர் பில் கட்டப் போயிருப்பார், இன்னொருவர் ஆட்டோ பேசப் போயிருப்பார். நோயாளி புடவை மாற்றிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். பித்தப்பை எடுத்தவர் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதை நர்ஸ் சொல்ல வேண்டியது அந்த நேரத்தில்தான். அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வீட்ல சமைக்கப்போறது யாரு? ராத்திரி பக்கத்துல படுக்கப்போறது யாரு?" அவர்கள் வந்து நின்ற பிறகே பேச்சைத் தொடங்குவேன். பணம் கட்டுகிறவரிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் சமையலறைவரை அது போய்ச் சேராது.

1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியபோது, அந்த நோயாளி மருத்துவமனையைவிட்டுக் கிளம்ப ஆறு வாரம் ஆனது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் வழியாக அதைச் செய்தார். 1990இல் மும்பையில் டெஹெம்டன் உட்வாடியா அந்த முறையை இந்தியாவில் தொடங்கிவைத்தார். இப்போது பெரும்பாலானவர்கள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டில் இருக்கிறார்கள். நோயாளிக்கு இது பெரிய வரம். ஆனால் வார்டில் நாங்கள் பார்த்துவந்த வேலை இன்று அம்மாவிடமும் கணவரிடமும் மருமகளிடமும் போயிருக்கிறது. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது எங்கள் தொழிலில் பாதி என்பது என் உறுதியான எண்ணம். ஊசி போடுவதற்குக் கொடுக்கும் மதிப்பை இதற்கும் கொடுக்க வேண்டும்.

லேப்ராஸ்கோப் முறையில் வெளியே தெரிவது நான்கு சின்னத் துளைகள்தான். தொப்புளில் ஒன்று, மேல்வயிற்றில் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. சில வீடுகளில் இதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று மூன்றாம் நாளே அடுப்படியில் நிற்க வைத்துவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில், "ஒரு உறுப்பையே எடுத்துட்டாங்களே" என்று பயந்து, நோயாளியை எழவே விடுவதில்லை. இரண்டுமே உடம்புக்கு ஆகாது.

முதல் ராத்திரி போன் வரும். "சிஸ்டர், ஆபரேஷன் வயித்துல பண்ணாங்க. தோள்பட்டை ஏன் இப்படிக் குடையுது? ஹார்ட்டா இருக்குமோ?" அறுவை சிகிச்சையின்போது உள்ளே இடம் கிடைக்க வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைப்பார்கள். கொஞ்சம் வாயு உள்ளே தங்கி உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவது. தோளுக்கான நரம்புகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. அதனால் அந்த உறுத்தல் தோள்வலியாகத் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் உடம்பே வாயுவை உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் நடந்தால் சீக்கிரம் குறையும். தோளில் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்த வீடு நிம்மதியாகத் தூங்கும். ஆனால் மூச்சுத் திணறலோ, நெஞ்சை அழுத்துவதோ, வியர்த்துக் கொட்டுவதோ சேர்ந்து வந்தால் அது வேறு. அப்போது காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

எழுந்திருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதை நான் கட்டிலில் படுத்தே காட்டுவேன். மல்லாந்தபடி தலையைத் தூக்கி நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பை மொத்தமாக ஒரு பக்கம் புரட்டி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். பாயில் படுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வாரம் மட்டுமாவது கட்டில் ஏற்பாடு செய்யச் சொல்வேன். தரையிலிருந்து எழும்போதுதான் தொப்புள் காயம் அதிகம் இழுக்கும். வலி மாத்திரைகள் சில மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கக் கூடாது. தண்ணீரும் பழமும் போதவில்லையென்றால் மருந்துக்கு டாக்டரைக் கேளுங்கள்.

காயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக, உலர்ந்து இருந்தால் போதும். எப்போது குளிக்கலாம் என்று டாக்டர் சொன்னாரோ அப்போது குளித்து, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், விபூதி எதையும் தொப்புளில் வைக்காதீர்கள். அன்போடு வைப்பதுதான், ஆனால் கிருமியும் கூடவே போகும்.

சாப்பாட்டுக்கு வருவோம். எல்லா வீட்டிலும் அதிகம் பயப்படுவது இங்கேதான். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை அதில் கொஞ்சத்தைத் தேக்கிச் செறிவாக்கி, எண்ணெய்ப் பண்டம் உள்ளே போகும்போது குடலுக்குத் திறந்துவிடும் தொட்டி. தொட்டிதான் போயிருக்கிறது, ஊற்று அப்படியே இருக்கிறது. இனி பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமாக எந்நேரமும் குடலில் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் சில வாரம் ஒரே வேளையில் வயிறு முட்ட, எண்ணெய் மிதக்கச் சாப்பிட்டால் உப்புசம் வரும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், மோர், வேகவைத்த காய், பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை சாப்பிடுவது நல்லது. முட்டையின் வெள்ளையும், எண்ணெய் குறைத்து வைத்த மீன் குழம்பும் சேர்க்கலாம். காயம் ஆறப் புரதம் வேண்டும்.

நான் சண்டை போடுவது பத்தியத்தோடுதான். "ரசம் சாதம் தவிர எதுவும் குடுக்கல சிஸ்டர்" என்று மாதக்கணக்கில் அதையே கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொல்வார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கன்னம் ஒட்டி, நிற்கத் தெம்பில்லாமல் இருப்பார். பித்தப்பை இல்லாதவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பத்தியம் கிடையாது. தேங்காய்ச் சட்னி, தாளிப்பு, கோழிக் குழம்பு என்று ஒவ்வொன்றாகக் கொஞ்சம் சேர்த்து, வயிறு ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்காததை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நிற்கவில்லை என்றால் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

பெண்களுக்குத்தான் பித்தப்பைக் கல் அதிகம் வருகிறது. வீட்டில் பாரம் தூக்குவதும் பெரும்பாலும் அவர்களே. "5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம்" என்று சீட்டில் எழுதினால் யாருக்கும் உறைப்பதில்லை. பொருளாகச் சொன்னால்தான் புரிகிறது. நிறைகுடம் 15 கிலோ வரும். நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. மாவு கிரைண்டரின் கல், ஈரத்துணி நிறைந்த வாளி, இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளை எல்லாமே அந்த 5 கிலோவைத் தாண்டியவை. தொப்புள் துளை வெளியே மூடிவிட்டாலும் உள்ளே இருக்கும் தசை உறை பலப்பட வாரங்கள் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். நான்கிலிருந்து ஆறு வாரம் என்று டாக்டர் சொல்வது அதற்காகத்தான். இதை நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை; குழாயில் தண்ணீர் வந்தால் அவர் எழுந்து ஓடத்தான் செய்வார். மாமியாரிடமும் மகனிடமும் சொல்வேன்: "ஆறு வாரத்துக்குக் குடம் உங்க பொறுப்பும்மா. தம்பி, சிலிண்டர் உன் பொறுப்பு."

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வலி எவ்வளவு என்பதை அல்ல, அது எந்தப் பக்கம் போகிறது என்பதை. நேற்றைவிட இன்று குறைந்திருந்தால் நல்லது. குறைந்து வந்த வலி திரும்பக் கூடினாலோ, வயிறு உப்பி இறுகினாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காயம் சிவந்து சீழ் வடிந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே பித்தநீர் கசிவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பித்தக்குழாயில் நின்றுபோன கல்லோ பிறகும் தொல்லை தரலாம். அதைக் காட்டிக்கொடுப்பது மஞ்சள் காமாலை. மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்களுக்குத் தோலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காலையில் ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, கீழிமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றிவிடும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்திலும் மலம் வெளுத்தும் போனால் சந்தேகமே வேண்டாம். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள்தான், "அம்மா, உன் கண்ணு மஞ்சளா இருக்கு" என்று முதலில் சொன்னாள். அன்றே கூட்டிவந்தார்கள். எண்டோஸ்கோப் வழியாகக் குழாயிலிருந்து கல்லை எடுத்தார்கள். அந்தம்மா நன்றாக இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தால், அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். பித்தப்பையைப் பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொன்னதை மறந்துவிடுகிறார்கள். அபூர்வமாக, ஸ்கேனில் பிடிபடாத புற்றுநோய் அந்த ரிப்போர்ட்டில்தான் முதலில் தெரியவரும். அப்போதே தெரிந்தால் செய்ய வழி இருக்கிறது. தையலைக் காட்ட வரும் நாளில் அதைக் கேட்டு வாங்குங்கள். வரவில்லை என்றால் எப்போது வரும் என்று கேட்டு, அந்த நாளில் திரும்ப வாருங்கள். டாக்டர் படித்துப் பார்த்த பிறகு டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.