துணிக்கு மரம்

பெரியப்பா மேட்டுப்பாளையத்தில் லாரி ஓட்டினார். நீலகிரி மேலிருந்து கட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார். என்ன லோடு என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "துணிக்கு மரம் கண்ணு." மரத்தில் கதவு செய்வார்கள், கட்டில் செய்வார்கள். துணி எப்படிச் செய்வார்கள் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. விளங்கும் வயது வந்தபோது கேட்பதற்கு அவர் இல்லை.

அந்தப் பதிலை மறுபடி நினைக்க வைத்தது ஒரு பேச்சின் மேல் வந்த எரிச்சல்தான். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் மலைச்சரிவு முழுக்க வாட்டில் எனும் சீகை மரங்கள் நெருங்கி நிற்கும். உள்ளே கால் வைக்க இடமிருக்காது. தரையில் வேறெதுவும் முளைத்திருக்காது. ஒரு முறை உடன் வந்தவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் நட்டுட்டுப் போனது" என்றார். இதைப் பல வாயால் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். சொன்னவுடன் எல்லோரும் தலையாட்டுவோம், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் பெரியப்பா லாரி ஓட்டியது 1970-களில். வெள்ளைக்காரன் போய் ஒரு தலைமுறை கழிந்த பிறகு, லாரி லாரியாக இறங்கிய அந்த மரங்களை நட்டது யார்?

கதையின் முதல் பாதி உண்மைதான். ஆஸ்திரேலியாவின் சீகையும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் 1840-களுக்குள் நீலகிரிக்கு வந்துவிட்டன. ஊட்டியில் குடியேறிய வெள்ளையருக்கு விறகு வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் நட்டது பெரும்பாலும் ஊரைச் சுற்றித்தான். உயரத்துப் புல்வெளிகள் பரப்பு பரப்பாகத் தோட்டமானது சுதந்திரத்துக்குப் பிறகு, ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில். பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்கள் வழியே ஆராய்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவு இது: நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. அவர்கள் கணக்கைத் தொடங்கிய ஆண்டு 1973. என் பெரியப்பா அப்போது ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தார்.

நட்டவர்களில் ஒருவரையாவது பார்க்க வேண்டும் என்று அலைந்து, குந்தாப் பக்கம் ஒரு பெரியவரைப் பிடித்தேன். பிளான்டேஷன் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிய வயது, கணீரென்ற குரல். நான் கேட்க வந்ததை முகத்திலேயே படித்துவிட்டார் போல.

"காட்ட அழிச்சேன்னு எழுதப் போறீங்களா தம்பி? நாங்க காட்ட வளத்தவங்க. அங்க என்ன இருந்துச்சு? ஒண்ணுமே இல்ல. வெறும் புல்லு."

அதற்கு மேல் அவரை நகர்த்த முடியவில்லை. பனியில் விரல் விறைக்கக் குழி வெட்டியதைச் சொன்னார். நாற்று கருகாமல் காத்ததையும், மேய வந்த எருமைகளை விரட்டியதையும் சொன்னார். சீகை பத்து வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். முதலில் பட்டையை உரிப்பார்கள். "பட்டை தோல் ஷாப்புக்கு, கட்டை சிறுமுகைக்கு" என்று கையை இரண்டு பக்கமும் காட்டினார். தோல் பதனிடும் துவர்ச்சத்து பட்டையில் இருக்கிறது. மொட்டை மலையைப் பச்சையாக்கி, நாட்டுக்குச் செருப்பும் துணியும் கொடுத்த வேலை என்பது அவர் கணக்கு. அந்தப் பெருமையை இளக்காரமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உழைத்து வாழ்ந்த மனிதர். மரம் நடுவது புண்ணியம் என்றுதானே நமக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் விடவில்லை. புல்வெளி அங்கே எப்போதும் இருந்ததுதானே ஐயா என்றேன். "எப்பவும் எப்படி இருக்கும்? ஆதியில எல்லாம் சோலையாத்தான் இருந்திருக்கும். எருமை வெச்சிருந்தவங்க மேய்ச்சலுக்குத் தீ வெச்சுத் தீ வெச்சுப் புல்லாக்கிட்டாங்க. நாங்க திரும்ப மரமாக்கினோம்." அந்த மலையின் பழங்குடிகளான தோடர்களைத்தான் சொன்னார். அடுத்த முறை போனபோதும் அதையே சொன்னார். அதற்கடுத்தும் அதேதான்.

அவர் பிடிவாதம் என் தேடலின் திசையை மாற்றியது. யார் நட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தவன், அங்கே "ஒண்ணுமே இல்ல" என்பது மெய்யா என்று தேட ஆரம்பித்தேன். பதில் சேற்றில் இருந்தது. நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் சதுப்புக் கரி அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. செத்த செடிகள் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதில் தங்கிவிடுகின்றன. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்த அடுக்குகளின் கார்பனை அளந்து 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வெப்பநிலப் புல்லும் மரமும் கார்பனை வெவ்வேறு விதமாகச் சேர்ப்பதால் எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று அதில் படிக்கலாம். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியில் உறைந்திருந்த காலத்தில், நீலகிரியில் ஓங்கியிருந்தது புல். எருமை மேய்ப்பவர் எவரும் அங்கு ஏறியிராத காலம் அது. பிறகு மழை கூடியபோது மரம் கூடியது, குறைந்தபோது புல் கூடியது. மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல் என்பது அந்த மலை தானே எடுத்த வடிவம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி. வரையாடு அந்தப் புல்லை நம்பித்தான் வாழ்கிறது. தோடர்கள் கோயில் கூரைக்கு வேய்வதும் அந்த மலையின் சதுப்பில் வளரும் புல்லைத்தான். இன்று அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சேத்துல பாத்தாங்களா?" என்றார். கொஞ்சம் யோசித்து, தாங்கள் குழி வெட்டிய ஒரு பள்ளத்தில் அப்போது எருமை புதையும் அளவுக்குச் சேறு இருந்ததாகவும், இப்போது அதில் நடந்து போகலாம் என்றும் சொன்னார். மரம் குடித்ததா ஐயா என்று கேட்டதற்கு, "மழை கொறஞ்சு போச்சு தம்பி" என்று முடித்துவிட்டார்.

மீதிக் கதை சிறுமுகையில், கட்டை போய்ச் சேர்ந்த ஊரில். அங்கே 1950-களின் பிற்பகுதியில் நிறுவப்பட்ட விஸ்கோஸ் ஆலை மூடிக் கிடக்கிறது. பெரியப்பா இறக்கிய லோடின் கணக்கு எங்காவது இருக்குமா என்று தேடியதில் ஒரு துண்டுக் காகிதம் கூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது அவர் பதிலின் பொருள்தான். மரத்தைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்தால் தேன் போன்ற பாகு வரும். அதைப் பொடித்துளை வழியாகக் கந்தக அமிலத்துக்குள் பீய்ச்சினால் நூலாகிவிடும். 1892-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த வழி. நம் ஊரில் ஆர்ட் சில்க் என்று உடுத்தினோம், இப்போது ரேயான் குர்தி என்று உடுத்துகிறோம். கார்பன் டைசல்பைடு நரம்பைக் கெடுக்கும். ஆலைக் கழிவு பவானியில் கலந்தது. 1990-களில் ஆற்றை நம்பிய விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள்.

பவானி பிறப்பது அந்தப் புல்வெளியில்தான். மழையைப் பிடித்து வைத்து வருடம் முழுக்கக் கசிய விடும் புல்லை எடுத்துவிட்டு மரம் நட்டோம். அந்த மரத்தை வெட்டி, அதே ஆறு கீழே வரும் இடத்தில் கூழாக்கிக் கழிவை அதிலேயே விட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இது போலவே நடந்தது. மாவூர் ரேயான் ஆலைக்கு அரசு மூங்கிலை டன் ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது. கழிவு சாலியாற்றுக்குப் போனது. அந்த ஆற்றுக்காகப் போராடிய கே. ஏ. ரஹ்மான் 1999-ல் புற்றுநோயில் இறந்தார்.

இரண்டு ஆலைகளும் மூடிவிட்டன. ரேயான் குறையவில்லை, பெருகியிருக்கிறது. இங்கு நூலாகும் கூழில் பெரும்பங்கு இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறது. மேலே நீலகிரியில் சீகையை வெட்டிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. வெட்டினால் தீர்வதில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் மொத்தமாக முளைக்கும். வருடா வருடம் கையால் பிடுங்க வேண்டும், இடையிடையே புல் நாற்றை ஊன்ற வேண்டும். அதைச் செய்கிறவர்களுக்கு என் வணக்கம்.

வீட்டில் இருக்கும் ரேயான் குர்தி ஒன்றை எடுத்துத் துணிச்சீட்டைப் பார்த்தேன். துவைக்கும் முறை இருந்தது, நூறு சதவீதம் விஸ்கோஸ் என்று இருந்தது. கூழ் எந்த நாட்டுக் காட்டுடையது என்று விற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். நூல் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும் என்று பதில் வந்தது. நூற்பாலையின் முகவரியைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.