காணிப்பாக்கத்துச் சத்தியம்

சித்தூர் பஸ் நிலையத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கரும்பும் மாந்தோப்புமாக ஓடிய சாலை சட்டென்று தேங்காய்க் கடைகளுக்கு நடுவே போய் நின்றது. காணிப்பாக்கம். இங்கே குளத்தில் முழுகி, ஈர உடையோடு வரசித்தி விநாயகர் முன் நின்று சத்தியம் செய்துவிட்டால் அந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நகையை நான் எடுக்கவில்லை, இனி குடிக்கமாட்டேன் என்று எல்லாவற்றுக்கும் இங்கேதான் தீர்ப்பு. பொய் சொன்னவனைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். ஆந்திர அரசியல்வாதிகள் மேடையில் சூடேறினால் 'காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்யத் தயாரா?' என்று சவால் விடுவது வழக்கம். வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

நான் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தவன். அக்கா மகன் முந்தின நாளே பெங்களூரிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தான். சுமார் 180 கிலோமீட்டர். பலமனேர் தாண்டி, மொகிலி மலைச்சரிவில் லாரிகளுக்கு நடுவே இறங்கியதைச் சொன்னபோது அவன் முகத்தில் களைப்பைவிடப் பெருமைதான் அதிகம். இட்லிக் கடையில் உட்கார்ந்ததும் பேச்சு அவனுடைய தெய்வத்தின் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்லோவேனியாவின் டாடே போகச்சார். 2020, 2021, 2024, 2025 என்று நான்கு முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர்.

"மெர்க்ஸைவிடப் பெரிய ஆள் மாமா இவர்."

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் அந்தப் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். பந்தயங்களில் அவருக்கு மொத்தம் 525 வெற்றிகள். அவரும் 1969-ல் இத்தாலியில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டார். தான் குற்றமற்றவன் என்று அழுதார். அடுத்த மாதமே பிரான்ஸில் முதல் முறையாக வென்றார். இன்றும் அவரைத்தான் எல்லோரும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

"சரி, உன் ஆள் சுத்தமா?" என்று கேட்டேன். இட்லி பாதியில் நின்றது.

கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 14 அன்று பிரெனீஸ் மலையில் பிளாட்டோ த பெய் என்ற ஏற்றத்தை போகச்சார் கடந்த நேரம், 1998-ல் இத்தாலியின் மார்கோ பந்தானி எடுத்த நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் குறைவு. பந்தானி அந்த வருஷம் கொடுத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது ஈ.பி.ஓ. இருந்தது தெரியவந்தது. 2013-ல் பிரெஞ்சு செனட் குழு அதை வெளியிட்டபோது பந்தானி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

ஈ.பி.ஓ. ஒன்றும் விசித்திர மருந்தல்ல. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் வேலூர். அங்கே டயாலிசிஸுக்கு வரும் சிறுநீரக நோயாளிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஊசிதான். சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தசோகைக்காரருக்கு உயிர், மலையேறும் சைக்கிள்காரருக்கு இன்னொரு நுரையீரல்.

மருந்து போட்டவனை மூன்று நிமிடம் முந்துகிறவன் யார்? சைக்கிள் இலேசாகிவிட்டது, சாப்பாடு விஞ்ஞானமாகிவிட்டது, பயிற்சி மாறிவிட்டது என்று மருமகன் அடுக்கினான். எல்லாம் நிஜம்தான். போகச்சார் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை என்பதும் நிஜம். ஆனால் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் காலத்திலும் இதே பட்டியலைத்தான் படித்தார்கள். 1999 முதல் 2005 வரை ஏழு பட்டங்கள். 2005 நவம்பரில் ஒரு பணத் தகராறில், ஊக்கமருந்தைத் தொட்டதே இல்லை என்று பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். 2012-ல் பட்டங்கள் பறிபோயின. 2013 ஜனவரியில் டெலிவிஷனில் ஒப்புக்கொண்டார். அந்த ஏழு வருஷத்துக்கும் வெற்றியாளர் என்று யாருமே அறிவிக்கப்படவில்லை. இரண்டாவதாக வந்தவர்கள்மீதும் நம்பிக்கை இல்லை போலும்.

சத்தியத்தை விட்டால் சோதனைக் குப்பிதான். குப்பிக்கும் ஒரு கதை காணிப்பாக்கத்திலேயே இருக்கிறது. கோயிலை ஒட்டிப் போகிறது பாகுதா ஆறு. ஆறு என்று பேர். நான் பார்த்தது மணல். சங்கர், லிகிதர் என்று இரண்டு சகோதரர்கள். தம்பி லிகிதர் பசி தாங்காமல் ராஜாவின் தோப்பில் ஒரு மாம்பழத்தைப் பறித்துவிட்டார். தண்டனையை ஏற்றுக்கொள் என்று அண்ணனே அனுப்பிவைத்தார். ராஜா இரண்டு கைகளையும் வெட்டினான். இந்த ஆற்றில் முழுகியதும் கைகள் திரும்ப வந்தன. 'பாஹு' என்றால் கை; பெயர் அப்படி வந்தது என்கிறார்கள்.

ஊக்கமருந்துச் சட்டமும் ஏறக்குறைய அந்த ராஜாதான். உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. பசியா, அறியாமையா என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கத்தான் உதவும், பழம் பழம்தான். திருச்சி மாவட்டம் முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டியின் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே கொண்டாடியது. மாதிரிகளில் நாண்ட்ரோலோன். தடை செய்யப்பட்ட எதையும் தொட்டதில்லை என்றார் அவர். பதக்கம் போயிற்று; நான்கு வருஷத் தடை. முப்பது வயதில் ஜெயித்த பெண்ணுக்கு நான்கு வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் முழுக எந்த ஆறும் இல்லை.

அவர் தனி ஆளும் அல்ல. 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 சிக்கின. 2024-ல் 7,113-க்கு 260. ஆயிரக்கணக்கில் சோதனை நடத்தும் நாடுகளில் சிக்கும் விகிதம் இங்கேதான் அதிகம். ஆம்ஸ்ட்ராங்குக்கு டாக்டர்கள் இருந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு யாரோ கையில் கொடுக்கும் பவுடர் டப்பாதான்.

மறுநாள் திருப்பதி. எழுபது கிலோமீட்டரையும் அவன் மிதித்தே வந்து, சைக்கிளை லாட்ஜில் பூட்டிவிட்டு, அலிபிரிப் படிகளில் என்னைவிட முன்னால் ஏறப்போவதாகச் சொன்னான். அதற்குமுன் பை சோதனை. சத்துக்கூழ் பாக்கெட்டுகளைக் காவலர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன?" "வெல்லப்பாகு மாதிரி, சார்." விட்டுவிட்டார்கள்.

மொத்தம் 3,550 படிகள். மலைமேல் கால் படக்கூடாதென்று ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினாராம். உச்சிக்கு அருகே செங்குத்தான அந்த இடத்துக்கு மோகாள மெட்டு என்றே பெயர். நேரத்தை யாரும் குறித்துவைக்கவில்லை. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஒரு அம்மாள் என்னை முந்திப் போனார்.

மேலே அவனைக் கண்டுபிடித்தது லட்டு கவுண்ட்டர் அருகே. நெய்யில் கலப்படம் என்று 2024 செப்டம்பரில் புகார் வெடித்து, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் விசாரணைக் குழு அமைக்கும்வரை போன விவகாரம். நான் பார்த்த அன்று வரிசை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"ஒரு மணி எட்டு நிமிஷம் மாமா."

"யார் பார்த்தது? சத்தியமா?"

"திரும்பும்போது காணிப்பாக்கத்துல இறங்குவோமா?" என்றான், லட்டைப் பிட்டு என் கையில் வைத்தபடி.